நிற்கத் தெரிந்த வண்டி

நுழையும்முன்

ஊர்தி என்றதும் அதன் வேகமே நம் நினைவுக்கு வருகிறது. ஓடும் வண்டியை வேண்டிய இடத்தில் நிறுத்துவதற்குப் பின்னுள்ள அறிவையும் உழைப்பையும் நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. தேனி மாவட்டத்து மலைப்பாதையில் ஓடும் பழைய ஜீப் ஒன்றின் பிரேக் குழாய்கள் மாற்றப்பட்ட மூன்று நாள்களை இப்பாடம் விவரிக்கிறது.

அடிவாரத்தில் ஒரு மாலை

வெயில் மலைக்குப் பின்னே மறைந்துவிட்டிருந்தது. போடிமெட்டிலிருந்து இறங்கும் பாதையின் கொண்டைஊசி வளைவுகளையெல்லாம் கடந்து, ஜீப் அடிவாரத்தின் மென்சரிவை அடைந்திருந்தது. பின்னிருக்கைகளில் எட்டுப் பெண்கள் அமர்ந்திருந்தனர். இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் பகல் முழுவதும் காய் பறித்துவிட்டு, போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள தத்தம் ஊர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். ஒருத்தி அரைத்தூக்கத்தில் இருந்தாள். மற்றவர்கள் ரேஷன் கடையைப் பற்றியும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பேசிக்கொண்டு வந்தனர்.

முன்னே ஒரு மாட்டுவண்டி திரும்புவதைக் கண்ட ஓட்டுநர் பிரேக்கை மிதித்தார். வழக்கமாகக் காலுக்கு அடியில் உறுதியாக நிற்கும் பெடல், எவ்விதத் தடையுமின்றித் தகடு வரை இறங்கியது. மீண்டும் மிதித்தார், மீண்டும் இறங்கியது. அவருடைய கை அதற்குள் கியரை மாற்றியிருந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கும், இரண்டிலிருந்து ஒன்றுக்கும் வண்டியை இறக்கினார். எஞ்சின் உறுமியது. கைபிரேக்கை மெல்ல இழுத்து, வண்டியைச் சாலையோரப் புளியமரத்தின் அடியில் கொட்டிக்கிடந்த மண்குவியலின்மேல் ஏற்றி நிறுத்தினார்.

"என்ன தம்பி, டீ குடிக்கவா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இஞ்சின் சூடாயிருச்சு பெரியம்மா. பின்னாடி நம்மாளு வண்டி வருது, அதுல ஏறிக்கங்க" என்றார் அவர்.

அது பொய். அவர்கள் வேறொரு ஜீப்பில் ஏறிச் சென்ற பின்னர், அவர் வெகுநேரம் இருக்கையைவிட்டு இறங்கவில்லை. பத்து நிமிடங்களுக்கு முன்னர் இதே வண்டி, ஒருபுறம் பாறையும் மறுபுறம் பள்ளமும் உடைய வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. குழாய் அங்கே உடைந்திருந்தால் கியரும் கைபிரேக்கும் போதியிருக்குமா என்ற வினாவுக்கு அவரிடம் விடையில்லை.

தந்தையின் வண்டி

இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படைக்காக உருவாக்கப்பட்ட சிறிய, உறுதியான ஊர்தியே ஜீப். நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்வதால், சேற்றிலும் கல்லிலும் செங்குத்தான ஏற்றத்திலும் அது தயங்குவதில்லை. போருக்குப் பின்னர் அது உழவர்களுக்கும் மலைவாழ் மக்களுக்கும் உரிய ஊர்தியாயிற்று. இந்தியாவில் மகிந்திரா நிறுவனம், அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனத்து ஜீப்புகளை 1940களின் இறுதியில் மும்பையில் பூட்டி விற்கத் தொடங்கியது. பின்னர் உரிமம் பெற்று அவற்றை இங்கேயே உருவாக்கியது. அவ்வாறு உருவான வண்டிகள், பல்லாண்டுகள் கடந்தும் மேற்குத்தொடர்ச்சி மலையின் தோட்டப்பாதைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

இந்த ஜீப்பும் அத்தகையதே. அரசுத்துறை ஒன்றின் ஏலத்தில் ஓட்டுநரின் தந்தை அதை வாங்கினார். பெட்ரோல் எஞ்சினை நீக்கி டீசல் எஞ்சின் பூட்டினார், தகரத்தை மாற்றினார், இருக்கை தைத்தார். மலையிலிருந்து இறங்கத் தொடங்குமுன் வண்டியை ஒருகணம் நிறுத்தி, பிரேக் பெடலை மூன்றுமுறை அழுத்திப் பார்ப்பது அவருடைய வழக்கம். தந்தைக்குப் பின்னர் மகனும் அவ்வழக்கத்தை விடவில்லை. அன்றும் உச்சியில் மூன்றுமுறை அழுத்தினார். அன்றும் பெடல் உறுதியாகவே நின்றது.

பட்டறையில்

மறுநாள் காலை, முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து வண்டி பட்டறைக்கு வந்து சேர்ந்தது. நாற்பது ஆண்டுகளாக ஜீப்புகளை மட்டுமே பழுதுபார்த்துவரும் முதிய மெக்கானிக், பேச்சேதுமின்றி வண்டிக்கு அடியில் படுத்து நகர்ந்தார். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு அவரிடம் தொழில் பழகிவரும் இளைஞன் விளக்கைப் பிடித்திருந்தான்.

வண்டியின் அடிச்சட்டத்தை ஒட்டிப் பின்சக்கரங்களை நோக்கிச் செல்லும் குழாயில், அதைச் சட்டத்தோடு பிணைக்கும் கவ்வியின் அருகே உடைப்பு இருந்தது. கவ்விக்கும் குழாய்க்கும் இடையே தங்கிய மண், மழைக்குப் பின்னும் நெடுநேரம் ஈரத்தைப் பிடித்துவைத்திருந்தது. அந்த இடத்தில் இரும்பு தாள்போல் மெலிந்து பிளந்திருந்தது. அங்கிருந்து ஒரு சாண் தொலைவில், குழாயை வெட்டி ஒட்டிய பழைய இணைப்பு ஒன்றும் தெரிந்தது.

"இது எப்ப போட்டது?"

"ரெண்டு வருசம் இருக்கும்ணே. கசிஞ்சுச்சு. அந்த எடத்த மட்டும் வெட்டிட்டு ஜாயிண்ட் போட்டோம். இப்பவும் அதே மாதிரி போட்டுக் குடுத்துருங்க. பறிப்பு சீசன். நாளைக்குக் காலைல ஆளு ஏத்தணும்."

மெக்கானிக் விடை கூறவில்லை. உடைந்த துண்டைக் கழற்றி வெளியே கொண்டுவந்தார். அதன் ஒரு பகுதியில் உடைப்பும் இல்லை, வெளித்துருவும் இல்லை. கறுப்பு வண்ணம் கூட உரியவில்லை. அப்பகுதியை விரல்நீளத்துக்கு வெட்டி, பிடிசிராவியில் இறுக்கி, ரம்பத்தால் நெடுக்குவாக்கில் அறுத்துப் பிளந்தார். உட்புறம் முழுவதும் பழுப்பு நிறத்தில் பொரிந்திருந்தது. அடியில் சேறு போன்ற கசடு படிந்திருந்தது.

"வெளிய பாத்தா புதுசு மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டவாறே, அத்துண்டை அவர் ஓட்டுநரின் உள்ளங்கையில் வைத்தார்.

காலடியிலிருந்து சக்கரம் வரை

ஓட்டுநரின் கால் ஒரு சிறு பெடலைத்தான் அழுத்துகிறது. ஆட்களோடு சேர்த்து ஏறக்குறைய இரண்டு டன் எடையுள்ள வண்டியை அது எவ்வாறு நிறுத்துகிறது? பதினேழாம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதியே அதற்கு விடை. மூடிய கலத்திலுள்ள நீர்மத்தின்மீது செலுத்தப்படும் அழுத்தம், எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவுகிறது.

கால் 25 கிலோகிராம் எடைக்கு நிகரான விசையைத் தருவதாகக் கொள்வோம். பெடல் ஒரு நெம்புகோலாதலால் அவ்விசை ஏறக்குறைய ஐந்து மடங்காகி, 125 கிலோகிராம் எடைக்கு நிகராக மாஸ்டர் சிலிண்டரின் உந்துதண்டைத் தள்ளுகிறது. அச்சிலிண்டரின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்டிமீட்டர். எனவே நீர்மத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 25 கிலோகிராம் அழுத்தம் உண்டாகிறது. இது டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல். இந்த அழுத்தம் நான்கு சக்கரங்களிலும் உள்ள சிறு சிலிண்டர்களை ஒரே நேரத்தில் அடைகிறது. அங்கே பிரேக் கட்டைகள் விரிந்து, சுழலும் டிரம்மின் உட்சுவரைப் பற்றுகின்றன, வண்டி நிற்கிறது.

தொடக்ககாலக் கார்களில் கம்பிகளும் தண்டுகளுமே பிரேக்கை இயக்கின. அவற்றில் எல்லாச் சக்கரங்களுக்கும் இழுப்பு ஒரே அளவாக அமைவது அரிது. ஒரு சக்கரம் முந்திப் பற்றினால் வண்டி ஒருபுறம் இழுத்துக்கொண்டு போகும். நீர்மத்தின் அழுத்தத்தைக் கொண்டு நான்கையும் சமமாக இயக்கும் முறைக்கு, அமெரிக்காவைச் சேர்ந்த மால்கம் லாக்ஹெட் 1917இல் காப்புரிமை பெற்றார். 1921இல் வெளிவந்த டூசன்பர்க் காரில் நான்கு சக்கரங்களுக்கும் அம்முறை பொருத்தப்பட்டது. பின்னர் அது உலகெங்கும் பரவியது.

இம்முறையின் வலிமை எதுவோ, அதுவே அதன் நொய்ம்மையும் ஆகும். அழுத்தம் எங்கும் சமமாகப் பரவுவதால், எங்கேனும் ஓரிடத்தில் துளை விழுந்தாலும் எல்லா இடத்து அழுத்தமும் அதன்வழியே வெளியேறிவிடும். இதனால் பிற்காலத்து வண்டிகளில் பிரேக் அமைப்பை இரு தனிப் பாதைகளாகப் பிரித்தனர். ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலை செய்யும். அமெரிக்காவில் 1968 முதல் கார்களுக்கு அது கட்டாயமாயிற்று. இந்தப் பழைய ஜீப்பில் இருந்ததோ ஒரே பாதை. நான்கு சக்கரங்களும் எட்டு உயிர்களும் ஓட்டுநரின் உயிரும் அந்த ஒரே பாதையை நம்பியிருந்தன.

உள்ளிருந்து வரும் துரு

பிரேக் குழாயின் வெளிவிட்டம் 4.75 மில்லிமீட்டர், ஒரு பென்சிலைவிட மெல்லியது. அதன் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. செம்பு பூசிய எஃகுத் தகட்டை இருமடிப்பாகச் சுருட்டி, உலையில் சூடேற்றிச் செம்பாலேயே பற்றவைத்து அதை உருவாக்குகிறார்கள். உரிய காப்புப் பூச்சு இருக்கும்வரை அது உறுதியானது. ஆனால் பூச்சுப்போன இடத்தில் ஈரம் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

வெளியிலிருந்து வரும் துரு கண்ணுக்குத் தெரியும். உள்ளே துரு எப்படி வந்தது என்பதே ஓட்டுநருக்கு விளங்கவில்லை. எண்ணெய் நிறைந்த குழாய் துருப்பிடிக்குமா?

"நாம ஆயில்னு சொல்றோம். அது எண்ணெயே இல்ல தம்பி" என்றார் மெக்கானிக்.

பட்டறைகளில் பிரேக் ஆயில் என வழங்கும் நீர்மம், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் உயவெண்ணெய் அன்று. அது கிளைக்கால் ஈதர் என்னும் வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டது. காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக்கொள்வது அதன் இயல்பு. தொட்டியின் மூடியிலுள்ள சிறுதுளை வழியாகவும் ரப்பர்க் குழல்களின் சுவர் வழியாகவும் ஈரம் சிறிது சிறிதாக உள்ளே புகுகிறது. அந்த நீரே எஃகை உள்ளிருந்து தின்கிறது. போடியின் வறண்ட காற்றிலிருந்து நாள்தோறும் ஏலமலையின் மூடுபனிக்குள் ஏறி இறங்கும் வண்டிக்கு ஈரத்திற்குக் குறைவே இல்லை.

ஈரம் மற்றொரு தீங்கையும் செய்கிறது. டாட் 3 என்னும் வகையைச் சேர்ந்த புதிய நீர்மம் குறைந்தது 205 செல்சியஸ் பாகை வரை கொதிக்காமல் இருக்க வேண்டும். ஏறக்குறைய நான்கு விழுக்காட்டு நீர் கலந்துவிட்டால் அவ்வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. போடிமெட்டிலிருந்து அடிவாரத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். இரண்டு டன் எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறத்தாழ அறுபது லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பகுதியை எஞ்சின் தாங்கிக்கொள்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி டிரம்களில் வெப்பமாகிறது. நீர்மம் அங்கே கொதித்தால் ஆவிக்குமிழ்கள் தோன்றும். நீர்மத்தை அழுத்திச் சுருக்க இயலாது, ஆவியைச் சுருக்கலாம். அப்போது குழாய் உடையாமலேயே பெடல் தகடு வரை இறங்கிவிடும்.

"இத எப்ப மாத்துனீங்க?" என்று தொட்டியைக் காட்டி இளைஞன் கேட்டான்.

"குறைஞ்சா ஊத்துவோம்" என்றார் ஓட்டுநர். மாற்றியதாக அவருக்கு நினைவே இல்லை.

ஒட்டுவதா, மாற்றுவதா?

ஓட்டுநர் கணக்குப் போட்டுப் பார்த்தார். உடைந்த இடத்தை மட்டும் ஒட்டினால் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். குழாய்கள் அனைத்தையும் மாற்றினால் மூன்று நாள் ஓட்டம் போகும். கூலியும் பொருட்செலவும் வேறு. பறிப்புக் காலத்தில் மூன்று நாள் வராவிட்டால், தோட்டக்காரர்கள் வேறு வண்டியைப் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

மெக்கானிக் அதை மறுக்கவில்லை. அவருக்கும் அந்தக் கணக்கு தெரியும். அறுத்துப் பிளந்த துண்டை மட்டும் மீண்டும் சுட்டிக்காட்டினார். ஒரே நாளில் பொருத்தப்பட்டு, ஒரே மழையில் நனைந்து, ஒரே நீர்மத்தைச் சுமந்த குழாய்கள் ஒரே அளவில்தான் மூப்படைந்திருக்கும். மெலிந்த இடத்தில் ஒட்டுப்போட்டால், அழுத்தம் அடுத்து மெலிந்த இடத்தைத் தேடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் போட்ட ஒட்டு உடையவில்லை. அதற்கு ஒரு சாண் அப்பால்தான் உடைந்தது.

"அப்பச் செம்புக்குழாய் போட்டுருவோம்ணே. துருவே பிடிக்காதுல்ல?"

செம்பு துருப்பிடிக்காது என்பது உண்மையே. வளைப்பதும் எளிது. எனினும் தொடர்ந்த அதிர்வினால் தூய செம்பு இறுகிப்போய் நாளடைவில் வெடிப்புவிடும். அதனால் அது பிரேக்குக்கு ஆகாது. செம்போடு ஏறக்குறைய பத்து விழுக்காடு நிக்கல் கலந்த கலப்புலோகக் குழாய் உண்டு. சுவீடனின் வோல்வோ நிறுவனம் 1970களிலேயே அதைத் தன் கார்களில் பயன்படுத்தத் தொடங்கியது. அது துருவையும் அதிர்வையும் தாங்கும். ஆனால் அந்த வாரத்தில் உள்ளூர்க் கடைகளில் அது கிடைக்கவில்லை. குளிர்ப்பெட்டிக்கான செம்புக்குழாயை வாங்கிப் பொருத்துவதைவிட, பூச்சுள்ள தரமான எஃகுக் குழாயே மேல் என்று மெக்கானிக் முடிவுசெய்தார்.

ஓட்டுநர் கைப்பேசியை எடுத்துத் தோட்டத்து மேற்பார்வையாளரிடம் பேசினார். மூன்று நாள் வர இயலாது என்று மட்டும் கூறினார்.

மூன்று நாள்கள்

முதல் நாள் முழுவதும் கழற்றுவதிலேயே கழிந்தது. பல ஆண்டுகளாக இறுகிப்போயிருந்த நட்டுகள் எளிதில் அசையவில்லை. அவற்றின்மேல் துருவை இளக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருந்தனர். சாதாரண ஸ்பானர் நட்டின் முனைகளை மழுக்கிவிடும் என்பதால், குழாய் நுழையும் அளவுக்கு மட்டும் வாய் பிளந்த வளைய ஸ்பானரைக் கொண்டு மெக்கானிக் திருப்பினார். பழைய குழாய்களை உடைக்காமல் முழுதாகவே கழற்றித் தரையில் வரிசையாகக் கிடத்தினார். துருப்பிடித்தவையாயினும், எங்கே வளைய வேண்டும், எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு அவையே அளவுகோல்.

இரண்டாம் நாள் புதிய குழாய் வந்தது. பழைய குழாயின் வளைவுகளை நூலால் ஒற்றி அளந்து, நூலை நீட்டி, அந்நீளத்துக்கு இளைஞன் குழாயை வெட்டினான். ரம்பத்தால் அறுத்தால் இரும்புத்தூள் உள்ளே தங்கிவிடும் என்பதால், உருளைக் கத்தியைச் சுற்றிச் சுற்றி இறுக்கி வெட்டினான். வெட்டுவாயின் பிசிறை அகற்றிக் காற்றால் ஊதினான்.

அடுத்தது குழாயின் முனையை விரிக்கும் பணி. முனையை முதலில் மணிபோல் விரித்து, பின்னர் அவ்விளிம்பை உள்நோக்கி மடிக்க வேண்டும். இரட்டை மடிப்பாக அமையும் அவ்வாய்தான் நட்டை இறுக்கும்போது பொருத்துவாயில் அழுந்தி நீர்மம் கசியாமல் காக்கிறது. ஒற்றை மடிப்பு அவ்வளவு அழுத்தத்தில் வெடித்துவிடக்கூடும். இளைஞன் மிகுந்த கவனத்தோடு ஒரு நீண்ட குழாயின் இரு முனைகளையும் விரித்து முடித்தான். மடிப்பு வட்டமாக, வெடிப்பின்றி அழகாக அமைந்திருந்தது. பெருமையோடு அதை மெக்கானிக்கிடம் நீட்டினான்.

"நட்டு எங்கடா?"

விரிப்பதற்கு முன்னரே நட்டைக் குழாயில் கோத்திருக்க வேண்டும். விரித்த பின்னர் அது நுழையாது. இளைஞனின் முகம் வாடியது. மெக்கானிக் சிரித்துவிட்டார்.

"நானும் இந்தத் தப்பைப் பண்ணியிருக்கேன். ஒரு தடவ இல்ல. வெட்டிட்டுத் திரும்பப் பண்ணு."

குழாயை வளைக்கும்போது எங்கும் நசுங்காமல் பார்த்துக்கொண்டனர். சூடான புகைக்குழாயிலிருந்தும் அசையும் பாகங்களிலிருந்தும் விலக்கி, அடிச்சட்டத்தின் மறைவான பக்கமாக அதைச் செலுத்தினர். ஒவ்வொரு கவ்வியின் அடியிலும் ரப்பர்த் துண்டு வைத்தனர். சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையிலும், முன்சக்கரங்கள் திரும்பும் இடத்திலும் இரும்புக்குழாய் உதவாது; அங்கே வளைந்துகொடுக்கும் ரப்பர்க் குழல்கள் வேண்டும். பழைய ரப்பர்க் குழலை மெக்கானிக் மடக்கிக் காட்டினார். அதன் மேற்பரப்பில் சிறுசிறு வெடிப்புகள் வரிவரியாகத் திறந்துகொண்டன. அவையும் மாற்றப்பட்டன.

மூன்றாம் நாள் சக்கரங்களின் சிலிண்டர்களைத் திறந்து, தேய்ந்த ரப்பர்களை மாற்றினர். அதற்குப் பின்னர்தான் புதிய நீர்மத்தை ஊற்றும் வேலை வந்தது. திறந்துவைத்திருந்த பழைய புட்டியை மெக்கானிக் ஒதுக்கிவைத்தார். முத்திரை உடைக்காத புதிய புட்டியையே எடுத்தார். "தொறந்து வச்ச நாள்ல இருந்து இது தண்ணி குடிச்சிட்டு இருக்கும்" என்றார்.

காற்றை வெளியேற்றல்

புதிய குழாய்களுக்குள் இப்போது நிறைந்திருந்தது காற்று. அதன் கடைசிக் குமிழியும் வெளியேறும்வரை பெடல் உறுதிப்படாது. ஓட்டுநர் தம் இருக்கையில் அமர்ந்தார். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின்பக்க இடச் சக்கரத்தின் அருகே இளைஞன் படுத்துக்கொண்டான். சிலிண்டரின் சிறு திருகில் கண்ணாடிபோன்ற குழலைப் பொருத்தி, அதன் மறுமுனையை நீர்மமுள்ள புட்டிக்குள் அமிழ்த்தினான். ஓட்டுநரின் காலடித் தகட்டுக்குக் கீழேயுள்ள தொட்டியில் நீர்மம் குறையாமல் மெக்கானிக் பார்த்துக்கொண்டார்.

"அமுக்கு."

ஓட்டுநர் அழுத்தினார்.

"புடிச்சுக்க."

இளைஞன் திருகைத் திறந்தான். குழலில் குமிழ்கள் வரிசையாக ஓடின. மூடினான்.

"விடு."

இவ்வாறு எத்தனை முறை என்று எவரும் எண்ணவில்லை. குமிழ்கள் பெரியனவாக வந்தன, சிறியனவாயின, கடுகளவாயின, பின்னர் நின்றன. இடப்புறப் பின்சக்கரம், வலப்புறப் பின்சக்கரம், இடப்புற முன்சக்கரம், கடைசியாக ஓட்டுநருக்கு அருகிலுள்ள வலப்புற முன்சக்கரம் என்னும் வரிசையில் பணி நகர்ந்தது. ஒவ்வொரு சக்கரம் முடியுந்தோறும் தம் காலுக்குக் கீழே பெடல் சிறிது சிறிதாக உயர்ந்து இறுகுவதை ஓட்டுநர் உணர்ந்தார்.

பின்னர் மெக்கானிக் அவரை முழுவலிமையோடு பெடலை அழுத்திப் பிடித்திருக்கச் சொன்னார். அவ்வேளையில் வெள்ளைத்தாள் ஒன்றை ஒவ்வோர் இணைப்பின்மீதும் ஒற்றி எடுத்தார். முன்சக்கரத்து இணைப்பு ஒன்றில் மட்டும் தாளில் ஊசிமுனை அளவுக்கு ஈரம் பட்டது. அந்த இணைப்பைக் கழற்றி, முனையை வெட்டி, மீண்டும் விரித்துப் பூட்டினர். அதன்பின் அச்சக்கரத்தின் காற்றைத் திரும்பவும் வெளியேற்ற வேண்டியிருந்தது. பொழுது சாய்ந்துவிட்டது.

முதலில் ஊருக்கு வெளியே ஆளில்லாத மண்திடலில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பார்த்தனர். வண்டி எப்பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. பிறகு மலைப்பாதையில் சில வளைவுகள் ஏறி இறங்கிப் பார்க்கலாம் என்றார் ஓட்டுநர். மெக்கானிக் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார்.

"நீங்க எதுக்குண்ணே? நான் மட்டும் போய்ட்டு வர்றேன்."

"நான் பாத்த வேலை. நான் உக்காராம யாரு உக்காரணும்?"

இறங்கி வந்தபின் நான்கு டிரம்களின் அருகிலும் கையை வைத்துப் பார்த்தார். நான்கிலும் வெப்பம் ஒரே அளவில் இருந்தது. நான்கும் தத்தம் பங்கைச் செய்திருக்கின்றன என்பதற்கு அதுவே சான்று. பட்டறை வாசலில் இறங்கும்போது அவர் கேட்டார்:

"அன்னைக்கு வண்டில வந்தவங்ககிட்ட என்ன சொன்ன?"

ஓட்டுநர் சற்றுத் தயங்கினார். "இஞ்சின் சூடுன்னு சொன்னேன்."

மெக்கானிக் அதைக் குறித்து வேறொன்றும் பேசவில்லை. "பத்து நாள் கழிச்சு ஒருதரம் கொண்டாந்து காட்டு. இணைப்பெல்லாம் பாக்கணும். ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டி ஆயிலை மாத்து, குறைஞ்சாதான்னு இருக்காத" என்றார்.

விடியலில்

மறுநாள், விடியுமுன்னரே பெண்கள் சாலையோரத்தில் காத்திருந்தனர். சேலைக்கு மேல் பழைய முழுக்கைச் சட்டை, கையில் தூக்குவாளி, தோளில் மழைக்கான நெகிழித்தாள். ஜீப் வந்து நின்றது. முதலில் ஏற வந்த பெரியம்மா கேட்டார்:

"என்னப்பா, மூணு நாளா ஆளக் காணோம்? சூடு இன்னும் தணியலையா?"

மற்றவர்கள் சிரித்தனர். ஓட்டுநரும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். வண்டி சரியாகிவிட்டது, இனி எதற்கு என்று விட்டிருக்கலாம். பிளந்துவைத்த குழாய்த்துண்டு இன்னும் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. வெளியே கறுப்பாகவும் உள்ளே பழுப்பாகவும் இருந்த அத்துண்டை எடுத்து அவர்களிடம் காட்டினார்.

"இஞ்சின் சூடாகல பெரியம்மா. அன்னைக்கு பிரேக் போயிருச்சு. இந்தக் குழா உடைஞ்சிருச்சு. பயந்துருவீங்கன்னு மாத்திச் சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. துண்டு ஒவ்வொரு கையாக மாறிச் சென்றது. ஒருத்தி அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். மற்றொருத்தி உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தாள். விரலில் துரு ஒட்டியது. பெரியம்மா அதை அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றார்.

"ஆமா பெரியம்மா."

"இப்ப எல்லாத்தையும் மாத்தியாச்சா? ஒட்டுக்கிட்டுப் போடலையே?"

"எல்லாமே புதுசு. நேத்து மெக்கானிக் அண்ணனே கூட உக்காந்து வந்து பாத்தாரு."

பெரியம்மா தூக்குவாளியை முதலில் உள்ளே வைத்தார். பிறகு கம்பியைப் பிடித்து ஏறினார். அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் ஏறினர்.

அன்று மாலை, மலையுச்சியில் இறக்கம் தொடங்குமிடத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். தந்தை கற்றுத்தந்தவாறு பெடலை மூன்றுமுறை அழுத்தினார். இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் அதைக் கவனித்திராத பெண்கள், அன்று பேச்சை நிறுத்திவிட்டு அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தனர். வண்டி முதல் வளைவை அணுகியது, வேகம் தணிந்தது, திரும்பியது. இரண்டாம் வளைவிலும் அவ்வாறே. மூன்றாம் வளைவைக் கடந்தபோது, பின்னிருக்கையில் எவளோ ஒருத்தி ரேஷன் கடையைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.